நேரு உள்விளையாட்டு அரங்கத்தின் வரலாறு: தெரிந்தவர்கள் சேர்த்து எழுதுங்கள்

பெரியமேட்டுக்காரர்:

சேப்பாக்கம் மைதானத்தைப் பற்றிக் கேட்டால் தெருவுக்கு நான்கு பேர் கதை சொல்வார்கள். ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் நேரு உள்விளையாட்டு அரங்கத்தைப் பற்றிக் கேட்டால், கடைசியாக எந்தப் படத்தின் இசை வெளியீடு அங்கே நடந்தது என்பதை மட்டும் சொல்கிறார்கள். சுமார் 8,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம், சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், முப்பது ஆண்டுகளாக நிற்கிறது. அதில் என்னென்ன நடந்தது என்று ஓரிடத்தில் யாரும் தொகுத்து வைத்ததாகத் தெரியவில்லை. நாமே தொகுப்போம்.

முதலில் பிறப்பு. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் 1992இல் உருவானது. அடுத்த ஆண்டே இதே வளாகத்தில் இருந்த பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தை இடித்து நேரு ஸ்டேடியமாகக் கட்டி, நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தினார்கள். பிறகு 1995 டிசம்பர் 18 முதல் 27 வரை ஏழாவது தெற்காசிய விளையாட்டுப் போட்டி இங்கே நடந்தது. அதற்காக எழும்பியதுதான் இந்த உள்ளரங்கம். அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக இருந்தவர் பா. சிவந்தி ஆதித்தன். மறு ஆண்டு நகரத்தின் பெயர் சென்னை ஆகிவிட்டதால், மெட்ராஸ் என்ற பெயரில் நடந்த கடைசிப் பெரிய சர்வதேசப் போட்டிகளுள் அதுவும் ஒன்று.

என் நிலைப்பாட்டையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். விளையாடுவதற்காகக் கட்டிய அரங்கம் இது. இதில் முதல் உரிமை விளையாட்டுக்குத்தான். மற்றவை அதற்குப் பின்னால் வர வேண்டும்.

பழைய கிரிக்கெட் ரசிகர்:

1995இலிருந்து தொடங்கினால் பாதிக் கதை போய்விடும் ஐயா. அந்த மண்ணில் ஒன்பது டெஸ்ட் போட்டிகள் நடந்திருக்கின்றன. 1956 ஜனவரியிலிருந்து 1965 வரை மெட்ராஸின் டெஸ்ட் மைதானம் சேப்பாக்கம் இல்லை, கார்ப்பரேஷன் ஸ்டேடியம்தான்.

அங்கே நடந்த முதல் டெஸ்டிலேயே, நியூசிலாந்துக்கு எதிராக வினூ மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தார்கள். மன்கட் 231, ராய் 173. தொடக்க ஜோடியின் உலக சாதனையாக அது 52 ஆண்டுகள் நின்றது. 2008இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்சியும் 415 எடுத்த பிறகுதான் முறிந்தது.

1964 ஜனவரியில் இங்கிலாந்து வந்தபோது பாபு நட்கர்னி அதே மைதானத்தில் தொடர்ந்து 21 ஓவர்களை ரன் கொடுக்காமல் வீசினார். 32 ஓவர், 27 மெய்டன், 5 ரன், விக்கெட் இல்லை. இந்தப் புள்ளிவிவரத்தை எல்லாரும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் அது எங்கே நடந்தது என்று கேட்டால் "மெட்ராஸ்" என்று சொல்லி, மனத்தில் சேப்பாக்கத்தை நினைத்துக்கொள்கிறார்கள். நடந்தது பெரியமேட்டில். அந்த டெஸ்டில்தான் புதி குந்தரன் 192 அடித்தார்.

1967இல் டெஸ்ட் மறுபடியும் சேப்பாக்கம் போனது. அதன் பிறகு பெரியமேடு கிரிக்கெட்டின் நினைவிலிருந்தே நழுவிவிட்டது. இன்று வளாகத்துக்குள் போகிறவர்களுக்கு இது தெரியும்படி ஒரு கல்வெட்டாவது வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

சூளைவாசி:

இன்னும் பின்னால் போனால் இந்தப் பகுதி முழுவதும் பீப்பிள்ஸ் பார்க். 19ஆம் நூற்றாண்டில் மக்கள் காற்று வாங்குவதற்கென்று விட்ட பெரிய தோட்டம். பிறகு அதன் ஒவ்வொரு மூலையையும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டது. விக்டோரியா பொது மண்டபம் வந்தது. மூர் மார்க்கெட் வந்தது. 1913இல் ரிப்பன் மாளிகை வந்தது. விலங்குக் காட்சிச் சாலை அங்கேயே நெடுங்காலம் இருந்துவிட்டு வண்டலூர் போனது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தது. அந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் வந்தது. இன்றும் பச்சையாக மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா மட்டும்தான். அரங்கத்துக்குப் போகும்போது ஐந்து நிமிடம் அதற்குள் நடந்து பாருங்கள், பழைய தோட்டத்தின் அளவு ஓரளவு புரியும்.

பெரியமேட்டுக்காரர் சொல்லும் "முதல் உரிமை" என்ற சொல்லை நான் அதனால்தான் ஆதரிக்கிறேன். பொதுமக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் இது. அடுத்த தேவை, அதற்கடுத்த தேவை என்று கேட்டுக் கேட்டே தேய்ந்தது.

கபடி நேயன், திருவள்ளூர்:

2017 அக்டோபர் 28. புரோ கபடி ஐந்தாவது பருவத்தின் இறுதிப் போட்டி இந்த அரங்கத்தில்தான். பாட்னா 55, குஜராத் 38. பர்தீப் நர்வால் அந்த ஒரே பருவத்தில் 369 ரெய்டு புள்ளிகள் எடுத்து முடித்த இரவு அது. பாட்னாவுக்குத் தொடர்ந்து மூன்றாவது கோப்பை.

தமிழ் தலைவாஸ் அந்த ஆண்டுதான் முதன்முதலாகக் களம் இறங்கியது. அஜய் தாக்கூர் தலைமை. பட்டியலில் நம் அணி அடியில் கிடந்தது, ஆனாலும் உள்ளூர் ஆட்டங்களுக்குக் கூட்டம் வந்தது. அடுத்த பருவம் 2018 அக்டோபர் 7 அன்று இதே அரங்கத்தில் தொடங்கியபோது நம்மவர்கள் நடப்பு சாம்பியன் பாட்னாவையே 42-26 என்று சாய்த்தார்கள்.

எங்கள் ஊர்ப் பக்கம் கபடி என்றால் அறுவடை முடிந்த நிலத்தில் செம்மண் கொட்டி, விளக்குக் கம்பம் நட்டு, விடிய விடிய நடக்கும். ஆடுபவனின் மூச்சு நமக்குக் கேட்கும் தூரத்தில் நிற்போம். எட்டாயிரம் இருக்கை கொண்ட கூரைக்கடியில் அந்த நெருக்கம் இருக்காது என்று நினைத்துத்தான் போனேன். மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தும், கடைசி முப்பது விநாடியில் ரெய்டர் கோட்டைத் தாண்டும்போது அரங்கமே பாட்டை நிறுத்தி நடுவரின் கையைப் பார்த்தது. எங்கள் ஊர்ப் பையன்கள் அந்தத் தரையில் ஆடுவதைக் கனவாக வைத்திருக்கிறார்கள். அதனால் இது எங்களுக்கும் சொந்தமான அரங்கம், சென்னைக்காரர்களுக்கு மட்டும் அல்ல.

திரைக்கூத்தன்:

எல்லாரும் விளையாட்டையே பேசுகிறீர்கள். இந்த அரங்கத்தின் பெயரைத் தமிழ்நாட்டின் மூலை முடுக்கெல்லாம் கொண்டு போனது சினிமா விழாக்கள்தான் என்பதையும் எழுதுங்கள். 2008இல் ஜாக்கி சான் வந்தார். 2014இல் அர்னால்டு ஷ்வார்ஸ்நெக்கர் வந்தார். இரண்டும் தமிழ்ப் பட இசை வெளியீட்டு விழாக்கள். அவ்வளவு பெரிய நட்சத்திரங்களை ஆயிரக்கணக்கான ரசிகர்களுக்கு முன்னால், மழைக்குப் பயப்படாமல் நிறுத்துவதற்கு நகரத்தில் வேறு எந்தக் கூரை இருந்தது? தூத்துக்குடியிலிருந்தும் சேலத்திலிருந்தும் இரவு பஸ் பிடித்து வரும் ரசிகனுக்கு, தன் நாயகன் பேசுவதை நேரில் கேட்பது வாழ்நாள் நிகழ்வு. அவனும் பொதுமக்களில் ஒருவன்தான். போட்டி இல்லாத நாளில் அரங்கத்தைப் பூட்டி வைப்பதால் யாருக்கு நன்மை?

கைப்பந்துக்காரன்:

தம்பி, உங்கள் ரசிகனை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் "போட்டி இல்லாத நாள்" என்று ஒன்றைச் சொன்னீர்களே, அதைப் பற்றி ஒரு விளையாட்டு வீரனாகச் சொல்ல வேண்டும். போட்டி இல்லாத நாள்தான் பயிற்சி நாள்.

ஒரு பெரிய விழா ஒரு மாலையோடு முடிவதில்லை. மேடை கட்ட நாள் வேண்டும், ஒலிபெருக்கிகளைத் தூக்கி மாட்ட நாள் வேண்டும், பிறகு எல்லாவற்றையும் கழற்ற நாள் வேண்டும். நான் மாவட்ட அணிக்கு ஆடிய காலத்தில் ஒரு மாவட்டத் தலைநகரின் உள்ளரங்கில் பயிற்சி எடுத்தோம். ஊர்ப் பெயர் வேண்டாம். மாநிலப் போட்டிக்கு முந்தைய வாரம் ஒரு விழாவுக்காக எங்களை வெளியே அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது மரத்தரையில் இரும்புக் கால்களின் தழும்பு. பலகை ஒன்று மேலே எழும்பியிருந்தது. பாய்ந்து பந்தை எடுக்கும் லிபரோவுக்கு அந்தப் பலகை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த வாரம் முழுக்க ஆசிரியர் எங்களை டைவ் அடிக்க விடவில்லை. மாநிலப் போட்டியில் அது தெரிந்தது.

உயரத்தையும் பாருங்கள். உலகத் தரப் போட்டிகளில் கைப்பந்துக் களத்துக்கு மேலே 12.5 மீட்டர் வரை எதுவும் குறுக்கே இருக்கக் கூடாது. கூரையிலிருந்து சட்டங்களைத் தொங்கவிட்டால் அந்த வெளி போய்விடும். நேரு அரங்கம் போன்ற கூரை தமிழ்நாட்டில் எத்தனை இருக்கிறது? விழாவைத் திருமண மண்டபத்தில்கூட நடத்தலாம். சர்வதேசக் கைப்பந்தை அங்கே நடத்த முடியாது.

வரலாற்றுக்கு என் பங்கு: 2019இல் புரோ வாலிபால் லீக்கின் இறுதிப் போட்டி இங்கே நடந்தது. அதுவரை தோல்வியே காணாத கோழிக்கோடு அணியை சென்னை ஸ்பார்ட்டன்ஸ் நேர் செட்களில் வென்றது. 2024இல் பிரைம் வாலிபால் இங்கே நடந்தபோது அதே கோழிக்கோடு, டெல்லியைத் தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. ஐந்தாண்டு கழித்து, தோற்ற கூரையின் கீழேயே வென்றார்கள். கேரளத்திலிருந்து வந்த ரசிகர்களின் செண்டை மேளம் இன்னும் காதில் இருக்கிறது.

2009 செப்டம்பரில் பெண்களுக்கான ஆசியக் கூடைப்பந்து சாம்பியன்ஷிப்பும் சென்னையில் நடந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். சீனா வென்றது. ஆசியாவின் சிறந்த வீராங்கனைகள் நம் ஊரில் ஆடினார்கள். நம் நாளிதழ்களில் அதற்குக் கிடைத்த இடத்தை நினைத்தால் வருத்தம்தான்.

ஒலியமைப்பாளர்:

இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேடை ஒலி என் தொழில். திரைக்கூத்தன் தம்பியின் கேள்விக்கு விளையாட்டுப் பக்கம் போகாமல் ஒலிப் பக்கமிருந்து பதில் சொல்கிறேன். இந்த அரங்கம் இசைக்காகக் கட்டப்பட்டதில்லை. அதனால் இழப்பு இசைக்கும்தான்.

ஓர் அறைக்குள் எழும் ஒலி சுவரிலும் கூரையிலும் மோதித் திரும்பத் திரும்ப வந்து, மெல்ல அடங்கும். அடங்க எடுத்துக்கொள்ளும் நேரம் அறையின் கொள்ளளவு பெருகப் பெருக நீளும். ஒலியை உறிஞ்சும் பரப்பு கூடக்கூடக் குறையும். விளையாட்டு அரங்கத்தில் கூரை உயரமாக இருக்க வேண்டும், தரை கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டுமே ஒலிக்கு எதிரி. பேச்சு தெளிவாகக் கேட்க ஏறக்குறைய ஒரு விநாடியில் எதிரொலி அடங்க வேண்டும். இப்படிப்பட்ட பெரிய அரங்கம் காலியாக இருக்கும்போது அது பல விநாடிகள் நீளும். மதியம் ஒத்திகையில் பாடகர் ஒரு வரி பாடினால், அடுத்த வரியைத் தொடங்கும்போதும் முந்தைய வரி கூரையில் உலாவிக்கொண்டிருக்கும். மாலையில் ஆட்கள் வந்து நிறைந்ததும் நிலைமை பாதி தேறும். மனித உடலும் உடையும்தான் எங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த உறிஞ்சி. அதற்காக மதியம் வைத்த அளவுகளையெல்லாம் மாலையில் மாற்ற வேண்டியிருக்கும்.

தமிழ்ப் பாட்டில் சொல் முக்கியம். ட, த, ற போன்ற வல்லின எழுத்துகள்தான் எதிரொலியில் முதலில் கரையும். தாளத்தை உடம்பால் உணர்வீர்கள், கவிஞர் எழுதியது காதில் விழாது. மேல்வரிசை ரசிகர்கள் "சத்தம் நன்றாக இருந்தது" என்கிறார்கள். பாட்டு நன்றாகக் கேட்டது என்று சொல்லிக் கேட்பது அரிது.

சென்னையின் உண்மையான குறை இதுதான். மியூசிக் அகாடமி 1962இல் திறக்கப்பட்டது, அதில் 1,600 பேர் அளவில் உட்காரலாம். காமராஜர் அரங்கமும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதற்கு மேல் போனால் நந்தனம் ஒய்எம்சிஏ போன்ற திறந்த மைதானம். 2025 பிப்ரவரியில் எட் ஷீரன் பாடியதும் அங்கேதான். இரண்டுக்கும் நடுவே, ஐந்தாயிரம் பத்தாயிரம் பேருக்கு என்று இசையை மனத்தில் வைத்துக் கட்டிய கூரை ஒன்றுகூட இல்லை. உலகமே கேட்கும் இசையமைப்பாளர்கள் வாழும் நகரம் இது. டிசம்பர் சீசனுக்கு உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். நாமோ கபடித் தரையின் மேல் ஒட்டுப்பலகை விரித்துப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

மேசைப்பந்து அண்ணன்:

ஒலியமைப்பாளர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்களுக்குக் காற்றே எதிரி. மேசைப்பந்து 40 மில்லிமீட்டர் விட்டம், 2.7 கிராம் எடை. இறகுப்பந்தும் ஐந்து கிராமைச் சுற்றித்தான். குளிர்சாதனக் காற்று களத்தின் குறுக்கே வந்தால் ஸ்பின் போட்ட பந்து போகும் பாதையே மாறிவிடும். எட்டாயிரம் பேருக்குக் குளிர்ச்சி தரும் காற்றை மேசைக்கு மேல் படாமல் அனுப்புவது ஒரு தனிக்கலை. பார்வையாளர்கள் "ஏன் வியர்க்கிறது" என்று கேட்கும் நாட்களில் வீரர்களுக்காகக் காற்றைக் குறைத்திருப்பார்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

இந்த அரங்கத்தின் வரலாற்றில் நான் மிக உயர்வாக வைப்பது 2025 மார்ச். சரத் கமல் தன் கடைசிச் சர்வதேசப் போட்டியை இங்கே ஆடினார். காமன்வெல்த்தில் 2006இல் தங்கம், நாற்பது வயதில் 2022 பர்மிங்காமில் மூன்று தங்கம், ஐந்து ஒலிம்பிக், பாரிஸில் நாட்டின் கொடி. அவ்வளவும் முடிந்து, சொந்த ஊர்க் கூட்டத்தின் முன்னால் தன்னைவிட மிக இளைய இந்தியர் சிநேகித்திடம் தோற்று விடைபெற்றார். முதல் சர்வதேசப் போட்டியையும் சென்னையில்தான் ஆடினேன் என்று அவரே சொன்னார். வேறு நாட்டு அரங்கம் ஒன்றில், பாதி காலியான இருக்கைகளுக்கு நடுவே முடிந்திருக்க வேண்டிய வாழ்க்கை, நம் பிள்ளைகள் கண்ணெதிரே முடிந்தது. ஒரு நகரத்துக்கு அரங்கம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் அந்த நாளைத்தான் காட்டுவேன்.

சதுரங்கத் தாய்:

சதுரங்கத்தை யாரும் இன்னும் எழுதவில்லையே! மாநிலச் சதுரங்கக் கழகத்தின் அலுவலகமே நேரு ஸ்டேடியத்தில்தான் இருக்கிறது. என் மகளின் முதல் பதிவுக்கு அந்தப் படிகளில்தான் ஏறினோம். 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தாலும், 2022 ஜூலை 28 தொடக்க விழாவும் ஆகஸ்ட் 9 நிறைவு விழாவும் இந்த உள்ளரங்கத்தில் நடந்தன. நாடு நாடாக அணிகள் நடந்து வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்த குழந்தைகள் அடுத்த வாரமே பயிற்சி வகுப்புகளில் வந்து நின்றார்கள். விழாவும் சில சமயம் விளையாட்டுக்கு உதவும் என்பதற்கு இதுவே சான்று.

புதிதாகச் சென்னை வந்தவன்:

ஐயா, அடுத்த போட்டிக்கு வர நினைக்கிறேன். மெட்ரோவில் நேரு பூங்கா நிலையத்தில் இறங்கினால் சரிதானே?

பெரியமேட்டுக்காரர்:

வேண்டாம் தம்பி. பெயரைப் பார்த்து அங்கே இறங்குபவர்கள் நிறையப் பேர். நேரு பூங்கா வேறு, நேரு ஸ்டேடியம் வேறு. சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கி ரிப்பன் மாளிகைப் பக்கம் வெளியே வாருங்கள், அங்கிருந்து நடை தூரம். மின்சார ரயிலில் வந்தால் பூங்கா நிலையம் அல்லது மூர் மார்க்கெட் முனையம். வண்டியில் வராதீர்கள், ராஜா முத்தையா சாலையில் நிறுத்த இடம் தேடியே முதல் செட் முடிந்துவிடும்.

சூளைவாசி:

வழி பற்றிப் பேச்சு வந்ததால் மனத்தில் இருப்பதைச் சொல்கிறேன். 1886 டிசம்பர் 31 அன்று பீப்பிள்ஸ் பார்க்கில் நடந்த கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். இதே வட்டாரம். கூட்டம், பந்தல், வெளியேற வழியின்மை. 2023 செப்டம்பரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்த இசை நிகழ்ச்சியில் டிக்கெட் வாங்கியவர்களே உள்ளே போக முடியாமல், பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் சிக்கியதை எல்லாரும் பார்த்தோம். அதே மாதம் 30ஆம் தேதி நேரு உள்ளரங்கத்தில் நடக்கவிருந்த பெரிய பட விழா, அனுமதிச் சீட்டுக் கேட்டவர்கள் எண்ணிக்கை கட்டுக்கடங்காமல் போனதால் ரத்தானது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். எட்டாயிரம் இருக்கை என்றால் எட்டாயிரம் பேர்தான். வெளியே நிற்கும் இன்னொரு இருபதாயிரம் பேரைச் சுமக்க பெரியமேட்டின் தெருக்களில் இடம் இல்லை. தோல் கிடங்குகளும் தங்கும் விடுதிகளும் வீடுகளும் ஒட்டி ஒட்டி இருக்கும் பகுதி. ஓர் ஆம்புலன்ஸ் திரும்ப வேண்டுமானால் பத்து வண்டிகள் நகர வேண்டும்.

திரைக்கூத்தன்:

சூளை அக்கா சொல்வதும் ஒலியமைப்பாளர் சொல்வதும் எனக்குப் பிடித்த நிகழ்ச்சிகளின் பக்கம் நின்றுதான் சொல்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் வேறு இடம் வரும்வரை ரசிகன் எங்கே போவான்? முட்டுக்காட்டில் மாநாட்டு மையம் கட்டுகிறார்கள், செம்மஞ்சேரியில் விளையாட்டு நகரம் அறிவித்திருக்கிறார்கள். இரண்டும் நகரத்தின் தென்கோடி. வடசென்னையிலிருந்து கடைசி ரயிலைப் பிடித்து வீடு திரும்பும்படி சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருப்பது இந்த ஒரே கூரை.

கைப்பந்துக்காரன்:

அதை நானும் ஒப்புக்கொள்கிறேன் தம்பி. அதனால்தான் முழுத் தடை கேட்கவில்லை. நான் கேட்பது இவ்வளவுதான். ஆண்டுத் தொடக்கத்திலேயே போட்டிகளுக்கும் பயிற்சி முகாம்களுக்கும் நாட்களை முதலில் குறித்துப் பொதுவில் வெளியிடட்டும். மிச்ச நாட்களை விழாக்களுக்குக் கொடுக்கட்டும். விழா நடத்துபவர் தரைக்கு முன்பணம் கட்டட்டும். மேடை கழன்ற மறுநாள் ஒரு பயிற்சியாளர் வந்து பலகை பலகையாகப் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் அந்தப் பணம் திரும்பட்டும்.

ஒலியமைப்பாளர்:

அந்தக் கையெழுத்தை நான் வரவேற்பேன். எடையைப் பரப்பிப் போடும் தட்டுகளும் ரப்பர் விரிப்பும் எங்களிடம் இருக்கின்றன. பணம் மிச்சம் பிடிப்பவர்கள்தான் அவற்றைத் தவிர்க்கிறார்கள், கட்டாயம் என்று ஆனால் தவிர்க்க மாட்டார்கள். கூரைக்கடியில் கனத்த திரைகளை ஏற்றி இறக்கும்படி அமைத்தால் பாட்டுக்கு இறக்கலாம், ஆட்டத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். கைப்பந்து ஐயா சொன்ன 12.5 மீட்டர் வெளியும் அப்படியே இருக்கும். வரும் வாரம் இதற்கான வரைபடம் ஒன்றை இங்கேயே போடுகிறேன். களத்தில் ஆடியவர்கள் பார்த்துத் திருத்தங்கள் சொல்லுங்கள், சேர்ந்தே மனுவாகக் கொடுப்போம்.